மாமன் கையில் கடிவாளம்

சித்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

நீ கைபேசியில் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். எழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது; அதைப் பிறகு பேசுவோம். அடுத்த மாதம் திருப்பதியில் உங்கள் வாசகர் வட்டத்தில் 'வெண்முரசு' பாத்திரங்களைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும், குறிப்பு சரியா பாருங்கள் மாமா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். கர்ணன்: வீரம், கொடை, நன்றி. சகுனி: சூழ்ச்சி, வன்மம். கிருஷ்ணன்: தந்திரம், கருணை. இப்படியே நாற்பது பேர்.

பாப்பா, இது கல்யாணத் தரகர் பையில் இருக்கிற குறிப்பு. பையன் நல்ல குணம், கெட்ட பழக்கம் கிடையாது என்று அதில் எழுதியிருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு எவரும் பெண் கொடுப்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு இவன் என்ன முறை, அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை உண்டா, ஏன் நின்றது என்று விசாரிப்பார்கள். கதையில் வருகிற ஆளையும் அப்படி விசாரித்தால்தான் பிடிபடுவான் என்பது என் கட்சி.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. குடிபாலா பக்கம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் ஊர் தர்மராஜா கோயிலில் கற்றேன். செஞ்சிப் பக்கம் போனால் இதே கோயிலைத் திரௌபதி அம்மன் கோயில் என்பார்கள். இங்கே புருஷன் பெயரில், அங்கே பெண்டாட்டி பெயரில். வெயில் காலத்தில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். மதியம் பந்தலில் தெலுங்கில் அரிகதை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாய் போட்டதும் கூத்து. பகாசுரன் வதையன்று பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியில் தெருத்தெருவாக வருவார். அர்ச்சுனன் தபசன்று நட்டு வைத்த நெடுமரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே ஈரப் புடவையோடு படுத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில், தரையில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனின் தொடையைப் பீமன் பிளப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. புத்தூரிலும் ஸ்ரீகாளஹஸ்தியிலும் இந்தத் திருவிழா நடக்கிறது. நீ இருக்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரம்தான்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். தொடை உடைகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பாட்டி, அதாவது உன் கொள்ளுப்பாட்டி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏன் பாட்டி, கெட்டவன்தானே?" என்றேன். "கெட்டவன்தான்டா. ஆனா ஆத்தாக்காரி கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. தம்பிங்க அத்தனை பேரும் போயாச்சு. மாமனும் போயிட்டான். இனிமே அவனை அண்ணான்னு கூப்பிட யாரு, மருமகனேன்னு கூப்பிட யாரு?" என்றாள். பள்ளிக்கூடம் பார்க்காத கிழவி. ஆனால் துரியோதனன் சாகிறான் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவள் சொன்னதற்கு மேல் இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தக் கூத்தில் சகுனி வேஷம் கட்டியவர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மாமா முறை. அந்தப் பதினெட்டு நாளும் அவரைப் பகலில் பார்த்தால் 'மாமா' என்று கூப்பிட எங்களுக்கு நாக்கு எழாது. அவரும் அந்த நாட்களில் அக்காள் தங்கை வீடுகளில் கை நனைக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

இனி பாரதக் கதையை வைத்து எழுதிய உன் 'வெண்முரசு' நாவலுக்கு வருகிறேன். ஜெயமோகன் 2014 தொடக்கத்தில் ஆரம்பித்து 2020 ஜூலையில் முடித்த 26 நூல்கள், இருபதாயிரம் பக்கத்துக்கு மேல். உங்கள் தலைமுறை இதை ஃபேன்டஸி வரிசையில் வைக்கிறது, மிகுபுனைவு என்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். அதில் நீ 'வெய்யோன்' நூலில் இருக்கிறாய். ஒரு வேலை செய். பென்சிலை எடுத்துக்கொண்டு, யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதை மட்டும் கோடு போட்டுக்கொண்டு வா. மூத்தவரே, இளையோனே, மாதுலரே, அரசே, அங்கரே. பக்கத்துக்குப் பத்து விளிகளாவது இருக்கும். நீ அதையெல்லாம் தாண்டிக் குதித்துப் படித்திருப்பாய். துரியோதனன் கர்ணனை அங்கரே என்கிறான், அது தான் கொடுத்த நாட்டின் பெயர். பிடிக்காதவன் சூதன் மகன் என்பான். வளர்த்தவளை நினைத்தால் ராதேயன். பெற்றவளை நினைத்தால் கௌந்தேயன், அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வெகு சிலரால்தான் முடியும். ஒரே ஆள், கூப்பிடுகிறவனைப் பொறுத்து வேறு வேறு ஆள். 'வீரம், கொடை, நன்றி' என்று நீ எழுதிய மூன்று சொல்லும் இந்தப் பெயர்களுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கிறவனைத் தொடவே இல்லை.

எல்லா முறைகளையும் பற்றி எழுத இந்தக் கடிதம் போதாது. எனக்குத் தெரிந்த ஒரே பதவி மாமா பதவி. காணிப்பாக்கத்தில் உனக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்கார்ந்து என் மணிக்கட்டைக் கடித்து வைத்தாய். அந்த உரிமையில் மாமன்மார்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாரதக் கதையை மாமன்மார் பக்கமிருந்து பார்த்தால் அது வேறு கதை.

முதலாமவன் கம்சன். தேவகி அவன் வயிற்றோடு பிறந்தவள் அல்ல. இவன் உக்கிரசேனன் மகன், அவள் உக்கிரசேனனின் சகோதரன் தேவகன் மகள். ஆனாலும் கல்யாணம் முடிந்து அவள் புகுந்த வீடு போகும்போது, தேரோட்டியை இறக்கிவிட்டுத் தானே கடிவாளம் பிடிக்கிறான். தங்கைக்கு அதைவிடப் பெரிய சீர் கிடையாது. அந்தத் தேர்த்தட்டில்தான் வானத்துக் குரல் கேட்கிறது, அவள் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்று. கடிவாளத்தை விட்டுவிட்டுக் கத்தியை எடுக்கிறான். கம்சன் கொடியவன் என்று எழுதுவதைவிட, தங்கை தேரை ஆசையாக ஓட்டியவன் பாதி வழியில் என்ன ஆனான் என்று கேட்பது உபயோகமான கேள்வி.

இரண்டாமவன் சகுனி. இவனைப் பற்றி நீ எழுதியதில் பாதி கூத்திலிருந்து வந்தது. தகப்பன் எலும்பில் பகடை செய்தான், கௌரவர் குலத்தைக் கருவறுக்கவே கூட இருந்தான் என்பதெல்லாம் வழிவழியாக நம்மவர்கள் சேர்த்த கதை, வியாசரிடம் கிடையாது. கூத்துக்கு அது தேவை, ஏனென்றால் ஒரு தாய்மாமன் காரணமில்லாமல் மருமகன்களைக் கெடுப்பான் என்று நம் சனம் நம்பாது. வியாசர் காட்டுகிற சகுனி தன் பங்குக்கு உண்மையாகவே மாமன். வனவாச காலத்தில் பாண்டவர்களைப் பார்த்துச் சிரிக்கப்போன துரியோதனன் கந்தர்வர்களிடம் சிறைப்பட்டு, பாண்டவர்களாலேயே மீட்கப்பட்டு, வெட்கம் தாங்காமல் பட்டினி கிடந்து சாகப்போகிறேன் என்கிறான் பார், அப்போது பாண்டவர்களின் நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு, நல்ல பெயராவது கிடைக்கும் என்று எடுத்துச் சொல்கிறவர்களில் சகுனியும் ஒருவன். உன் நோட்டில் இது ஏறவே இல்லை. வெண்முரசில் அவன் காலில் ஓநாய் கடித்த ஆறாத புண்ணோடு நொண்டி நொண்டி வருகிறான். கூடப் பிறந்தவளைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே தங்கிவிட்டவன், சொந்த ஊர் திரும்பாத காந்தாரத்தான். அந்தக் கால்வலியையும் அவன் மருமகனைப் பார்க்கிற பார்வையையும் சேர்த்து வைத்து யோசி. வன்மம் என்று ஒரு வார்த்தையில் முடிக்க உனக்கே மனம் வராது.

மூன்றாவது மாமன் பலராமன். இவன் மாமனாக நடந்துகொள்கிற கதையும் வியாசரிடம் இல்லை, தெற்கத்திக் கதை. 1957-ல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'மாயாபஜார்' பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் உங்கள் ஊரில் இருக்கத் தகுதியில்லை. தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா, இரண்டிலும் சாவித்திரிதான். மாமன் மகளை அத்தை மகனுக்கு என்று குழந்தையிலேயே பேசி வைத்திருந்தார்கள். பாண்டவர் சூதாடிச் சொத்தை இழந்ததும் மாமன் வீடு பேச்சை மாற்றுகிறது. துரியோதனன் மகனுக்குக் கொடுக்கலாம் என்கிறது. நம் சித்தூர் வெல்ல மண்டிக்காரர்கள், மாங்காய்த் தோப்புக்காரர்கள் வீடுகளில் நடப்பது போலவே இல்லையா? அந்தப் படத்தில் ஒரு விஷயம் கவனி. மூன்று மணி நேரமும் பாண்டவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. ஒருவருக்குமே குறை தெரிவதில்லை. அத்தை, மாமன், முறைப்பெண் என்ற கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டால் ஆள் வராவிட்டாலும் பாத்திரம் நிற்கும்.

அந்தப் படத்தை எடுத்த நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947 ஜூலையில் 'சந்தமாமா'வையும் நம் 'அம்புலிமாமா'வையும் தொடங்கியவர்கள். அதில் மந்திரவாதிகளும் பாழடைந்த கோட்டைகளும் வரும் தொடர்களைத் தாசரி சுப்ரமணியம் எழுதுவார், சித்ரா படம் போடுவார். எழுதியவர் பெயர் போடவே மாட்டார்கள். உங்களுக்கு டிராகன் மாதிரி எங்களுக்கு அவை. பெயரைப் பார், சந்திரனே மாமா. பாற்கடலில் லட்சுமியோடு பிறந்தவன் சந்திரன்; லட்சுமி நமக்குத் தாய்; ஆகவே அவன் தாய்மாமன். வானத்தில் இருப்பதற்கும் முறை சொல்லிக் கூப்பிட்டால்தான் நமக்குத் திருப்தி. நீ இருக்கிற ஊரை எடுத்துக்கொள். கீழ்த் திருப்பதி கோவிந்தராஜர் மலைமேல் இருப்பவருக்கு அண்ணன். தம்பி குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்குக் காசு அளந்து அளந்து களைத்து, மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். தாத்தய்யகுண்டா கங்கம்மா தங்கை; ஜாத்திரைக்கு மலைமேலிருந்து அண்ணன் வீட்டுச் சீர் இறங்கி வரும். கடப்பாவில் உகாதியன்று முஸ்லிம்கள் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் பெண் வீட்டாராக வருகிறார்கள், பீபி நாஞ்சாரி அவர்கள் வீட்டுப் பெண் என்று. இதையெல்லாம் தினம் பார்த்துக்கொண்டு, நாவலைப் பற்றிப் பேசும்போது மட்டும் முறையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாயே!

நான்காமவன் பலராமனின் தம்பி கிருஷ்ணன், அதே மருமகனுக்கு இவனும் மாமன்; ஐந்தாமவன் சல்லியன். இந்த இருவரைச் சேர்த்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் பதினேழாம் நாள் போரில் இருவரும் எதிரெதிராகக் கடிவாளம் பிடித்து நிற்கிறார்கள்.

சல்லியன் மாத்ரியின் அண்ணன். நகுல சகாதேவர்களுக்கு நேர் மாமன், தருமன் முதலானவர்களுக்கும் முறைக்கு மாமன். தன் படையோடு பாண்டவர் பக்கம் சேரத்தான் கிளம்பினான். வழி நெடுகப் பந்தலும் விருந்தும் கிடைத்தது. மருமகன் தருமன்தான் மாமனுக்கு இவ்வளவு செய்கிறான் என்று மகிழ்ந்து, இதைச் செய்தவர்களுக்கு வேண்டியதைத் தருகிறேன் என்று வாய்விட்டான். செய்தவன் துரியோதனன். சாப்பிட்ட சோற்றுக்குப் பக்கம் மாறினான். சொன்னால் சிரிப்பாக இருக்கும். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுகிற மாமன் நான் இல்லை என்று எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்? தருமனைப் போய்ப் பார்த்துச் சங்கதியைச் சொல்கிறான். தருமன் கோபப்படவில்லை. மாமா, நீங்கள் கர்ணனுக்குத் தேரோட்ட வேண்டி வரும், அப்போது அவன் மனசை உடையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். தர்மராஜன் கேட்கிற கேள்வியா இது என்று நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் கிண்டல் பண்ணுவான்.

பதினேழாம் நாள் அப்படியே நடக்கிறது. தேரோட்டச் சொன்னதும் சல்லியனுக்கு ஆத்திரம், சூதன் மகனுக்கு நான் சாரதியா என்று. கடிவாளம் பிடித்துப் பிழைத்த அதிரதன் வீட்டில் வளர்ந்தவனுக்கு ஓர் அரசன் கடிவாளம் பிடிக்கிறான். வழியெல்லாம் மட்டம் தட்டுகிறான், அன்னத்தோடு பந்தயம் வைத்த காக்கையின் கதை சொல்லிக் குத்துகிறான். எதிர்த் தேரில் கிருஷ்ணன், அர்ச்சுனனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். உன் நோட்டிலும் இருக்கிறது, 'சல்லியன்: கர்ணனை ஏளனம் செய்தவன்' என்று.

இப்போது முறையைப் போட்டுப் பார். கர்ணன் குந்தி மகன். அப்படியானால் மாத்ரி அவனுக்குச் சிற்றன்னை. மாத்ரியின் அண்ணன் சல்லியன்? மாமன். முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் குத்துகிறவன் கர்ணனுக்கு மாமன். எதிரே கடிவாளம் பிடித்திருக்கிற கிருஷ்ணன் குந்தியின் சகோதரன் வசுதேவன் மகன், ஆகவே கர்ணனுக்கு மாமன் மகன். வில் பிடித்து நிற்கிறவன் தம்பி. அந்தக் களத்தின் நடுவில் அன்னியன் என்று ஒருவன் இல்லை.

இதோடு நிறுத்தாதே. இது யாருக்குத் தெரியும்? கர்ணனுக்குத் தெரியும், போருக்கு முன்பே கிருஷ்ணன் சொல்லிவிட்டான், குந்தியும் வந்து கேட்டுவிட்டாள். கிருஷ்ணனுக்குத் தெரியும். அர்ச்சுனனுக்குத் தெரியாது, சல்லியனுக்குத் தெரியாது. மாமன் மருமகனைத் திட்டுகிறான், மாமனுக்கு அது தெரியாது, மருமகனுக்குத் தெரியும். அவன் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தேர் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். சொல்ல முடியாது, சொன்னால் துரியோதனனுக்குச் செய்த சத்தியம் போய்விடும். கிருஷ்ணனிடமே அவன் சொல்லியிருக்கிறான், இதைத் தருமனுக்குச் சொல்லாதே, தெரிந்தால் நாட்டை என்னிடம் கொடுப்பான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று. சக்கரம் மண்ணில் இறங்கியபோது தேரை விட்டிறங்கித் தூக்கியதும் அவனேதான்.

ஆகவே பேசப்போகும்போது யாருக்கு யார் என்ன முறை என்று கண்டுபிடிப்பதோடு விட்டுவிடாதே. அந்த முறை எவனுக்குத் தெரியும், எவனுக்குத் தெரியாது, தெரிந்தவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று பார். கதை அங்கேதான் குடியிருக்கிறது. போர் முடிந்து கங்கைக் கரையில் செத்தவர்களுக்கு நீர்க்கடன் செய்கிறார்கள். அங்கேதான் குந்தி வாயைத் திறக்கிறாள், கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்று. எள்ளும் தண்ணீரும் விடும்போது பெயரையும் முறையையும் சொல்லித்தானே ஆக வேண்டும். அத்தனை வருஷம் மூடி வைத்ததை ஒரு சடங்கு திறந்துவிட்டது. தருமன் அந்த இடத்தில் உடைந்ததைப் போல வேறெங்கும் உடையவில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் முறைக்குள் அடைத்துவிடாதே. துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் நடுவில் அவர்கள் அறிந்தவரை ஒரு முறையும் கிடையாது. உண்மையில் பங்காளிகள், கர்ணன் அவனுக்கு அண்ணன் முறை. துரியோதனனுக்கு அது கடைசிவரை தெரியாது. அவன் நேசித்தது வெறும் ஆளை. இத்தனை மாமன் மச்சான் நெரிசலில் அந்த ஒரு நட்பு தனியாக நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மறுபக்கம் கிருஷ்ணனுக்கும் துரியோதனனுக்கும் இருக்கிற முறையைப் பார்: கிருஷ்ணன் மகன் சாம்பன் கட்டியது துரியோதனன் மகள் லட்சுமணையை. சம்பந்திகள்! திருப்பதி வேங்கட கவிகள் எழுதிய பாண்டவ நாடகத்தில் கிருஷ்ணன் துரியோதனனை 'பாவா' என்றுதான் வாய் நிறைய அழைப்பான். தெலுங்கு ஊர்களில் அந்த இடத்துக்கு விசில் பறக்கும். (பெயரில் திருப்பதி இருக்கிறதே தவிர அந்த இரட்டையர்கள் கோதாவரிப் பக்கத்துக்காரர்கள், உங்கள் ஊரார் உரிமை கொண்டாட வேண்டாம்.) ஒருபக்கம் சம்பந்தி முறை இருந்தும் ஒட்டவில்லை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லாமல் கர்ணன் உயிர் கொடுத்தான்.

உங்கள் வட்டத்தில் டோல்கீன் படித்தவர்கள் நிறைய என்றாய். அவர்களிடமும் இதையே பேசிப் பார். பில்போவும் ஃப்ரோடோவும் என்ன உறவு? கேட்டால் சித்தப்பா, மாமா, கசின் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வரும். பின்னிணைப்பில் இருக்கும் வம்சப் படத்தை நான் ஒரு மழைநாளில் உட்கார்ந்து நம் முறைக்கு மாற்றினேன். பில்போவின் தாயும் ஃப்ரோடோவின் பாட்டியும் கூடப் பிறந்தவர்கள், அந்த வழியில் பில்போ மாமன். தகப்பன் வழியில் பார்த்தால் இருவரும் பேகின்ஸ், ஆண் வழியாகவே இறங்கி வந்தவர்கள், பில்போ பெரியப்பன். ஒரே ஆள் மாமனும் பெரியப்பனும்! நம் ஊரில் இந்தக் கல்யாணத்துக்குப் பெரியவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு அடித்துக்கொள்கிற சாக்வில்-பேகின்ஸ் யார்? சித்தப்பன் மகன், அசல் தாயாதி. ஐந்து ஊர் கேட்ட கதைதான் அங்கே வெள்ளிக் கரண்டிக்காக நடக்கிறது.

அந்த டோல்கீனும் தாய்மாமன் பைத்தியம்தான். தோரினுக்காகச் சாகிற ஃபீலியும் கீலியும் அவன் தங்கை பிள்ளைகள். இயோமரும் இயோவினும் மன்னன் தியோடனின் தங்கை பிள்ளைகள். அவர் படித்துத் தோய்ந்த பழைய வடக்கத்திக் காவியங்களில் அப்படித்தான். பேவுல்ஃப் ஒரு மன்னனின் சகோதரி மகன். கி.பி. 98-ல் டாசிட்டஸ் என்ற ரோமானியன் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் சகோதரி பிள்ளைகளைத் தம் பிள்ளைகளுக்கு நிகராக மதிக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறான். நம் ஊருக்கு வந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

1955-ல் வந்த டோல்கீன் நாவலின் மூன்றாம் பாகத்தில், குதிரைக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிற தியோடனை ஒரு பிசாசு மன்னன் தூக்கிப்போக வரும்போது, ஆண் வேஷத்தில் போருக்கு வந்திருந்த இயோவின் குறுக்கே நின்று அதைக் கொல்கிறாள். மாமன் உடம்பை மறித்து நின்றது மருமகள். தியோடன் கண் திறக்கிறான், பக்கத்தில் இருந்த குட்டையான வீரனிடம் பேசுகிறான், மருமகன் இயோமருக்கு அரசைக் கொடுக்கிறான், இயோவினிடம் தான் விடைபெற்றதாகச் சொல்லச் சொல்கிறான். பக்கத்திலேயே அவள் மயங்கிக் கிடப்பது தெரியாமலே செத்துப்போகிறான். 2003-ல் வந்த படத்தில் இருவரையும் பேசவிட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அழுகை வந்தது, டோல்கீன் வைத்திருந்தது போய்விட்டது. சல்லியனையும் தியோடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீ பத்து நிமிடம் பேசினால் போதும், உன் நாற்பது பேர் பட்டியல் வேண்டியிருக்காது.

நோட்டைக் கிழித்துப் போடாதே. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் குணத்தை அடித்துவிட்டு, யார் அவனை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று எழுது. சகுனிக்கு எதிரில் காந்தாரி என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று தேடு. நான் முதலில் படித்தபோது அதைக் கவனிக்காமல் விட்டேன்.

ஊரில் இந்த வருஷப் பாரதத்துக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கர்ண மோட்சத்தன்று வா, கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும் கூத்து ஆரம்பிப்பதற்குள் வந்துவிடலாம். பழைய சகுனி வேஷக்காரர் போய்விட்டார். இப்போது அவர் தங்கை மகன்தான் அந்த வேஷம் கட்டுகிறான். பாய் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா